மூன்று வீட்டு மாத்திரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் அரை வருஷம் இறால் காயப்போட ஆள் இல்லையென்று வீட்டில் நின்றுவிட்டேன். எழுத்துப் பிழை இருக்கும். முன்னால் நடந்தது பின்னால் வந்துவிடும். எந்த வருஷம் என்று கேட்டால், சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும் என்பதற்கு மேல் சொல்லத் தெரியாது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு இந்த வயசிலும் கூச்சம்தான். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது காத்திவாக்கத்தில். அப்பா கட்டுமரக்காரர். அம்மா நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். ராயபுரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் கரி இறக்கும் வேலை. எட்டு வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி நின்ற லைன் வீடு, எட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். பக்கத்து வீட்டில் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. மீன் கூடை சுமந்து விற்பவர். அவர் வாயைத் திறந்தால் குழாயடி அடங்கிவிடும். அடுத்த பக்கத்தில் பாய் வீட்டு அக்கா. அவர் வீட்டுக்காரருக்கு வண்ணாரப்பேட்டையில் தோல் மண்டியில் வேலை. அம்மா இல்லாதவள் பிரசவத்துக்கு எங்கே போவாள் என்று என்னை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இவர்கள் இரண்டு பேரும்தான் எனக்குத் தாய்வீடு.

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது பிள்ளைத்தாச்சியாக இருந்தால், எந்த வீட்டில் என்ன ஆக்கினாலும் முதல் கிண்ணம் அவளுக்குப் போகும். கொண்டுவந்தவர் எதிரிலேயே அவள் சாப்பிட வேண்டும், நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் கொடுத்தவர் மனசு நோகும், அந்த நோவு வயிற்றுப் பிள்ளையைத் தொடும் என்பார்கள். கிண்ணத்தையும் வெறுமனே திருப்பக் கூடாது. ஒரு வெற்றிலையோ இரண்டு கல் உப்போ போட்டுக் கொடுப்போம். யாருக்கும் எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாத எனக்கு இந்த வழக்கம் கஷ்டமாக இல்லை. எட்டு மாதம் வரைக்கும் நண்டு ரசமும் நெத்திலி வறுவலும் பாய் வீட்டு நெய்ச்சோறும் சாப்பிட்டு நான்தான் லைனிலேயே பருத்தவள்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. வலது பக்கம் இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் சுண்டி இழுக்கும். குடத்தை இடுப்பில் வைக்க முடியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனார்தான் பார்த்துவிட்டார்.

“இன்னாம்மே, நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்துகினு கீறே?”

“ஒண்ணுமில்ல அண்ணி. இடுப்பு லேசா...”

“லேசாவா? மூஞ்சி கருவாடாட்டம் சுண்டிப் போயி கீது, லேசாங்கிறே! இரு.”

அன்று மத்தியானமே மீன் குழம்புக் கிண்ணத்தின் மூடிமேல் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலம் வந்தது. பெட்டிக்கடையில் விற்கும் தலைவலிப் பவுடர். வெயிலில் கூடை சுமந்து தலை இடித்தால் அவர் அதைத்தான் போட்டுக்கொள்வார். “நாக்குல கொட்டி தண்ணி குடிச்சிடு. மண்ட நோவுக்கே கேக்குது, இடுப்பு நோவுக்குக் கேக்காதா?” என்றார். எதிரிலேயே நின்றார். கொட்டிக் குடித்தேன்.

சாயந்திரம் வீட்டுக்காரர் கரி முகத்தோடு வந்தார். ஒரு கப்பல்காரனுக்குத் தன் சாப்பாட்டிலிருந்து வறுத்த வஞ்சிரத் துண்டு இரண்டு கொடுத்தாராம். அவன் பதிலுக்கு ஒரு சின்னத் தகர டப்பி கொடுத்திருக்கிறான். மூடியில் இங்கிலீஷ் எழுத்து, உள்ளே வெள்ளை வெளேரென்று மாத்திரை. நான் ராத்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு புரண்டதைப் பார்த்திருந்தவர் நடித்துக் காட்ட, அவனும் நோவுக்கு என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினானாம்.

“துரைங்க துன்ற மாத்திரம்மே. காலீல ரெண்டு, அவ்ளோதான். நீ குடம் தூக்கிகினு ஓடப்போற பாரு” என்றார். அவர் எனக்கு என்று ஒரு பொருள் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

மறுநாள் பாய் வீட்டு அக்கா சேமியாப் பாயசம் கொண்டுவந்தார். கிண்ணத்துக்குப் பக்கத்தில் தாளில் சுற்றிய ரோஜா நிற மாத்திரைகள். அவர் தம்பி ஒரு இங்கிலீஷ் மருந்துக் கடையில் பொட்டலம் கட்டுகிற வேலையில் இருந்தான். “மத்தவங்க குடுக்கறதெல்லாம் வேணாம் புள்ள. கடை மருந்து இது, ஒஸ்தி. சாப்பிட்டுட்டு ராவுல ரெண்டு போடு. அல்லா நல்லா வெப்பான்” என்று தலையைத் தடவினார். அந்தக் கை என் அம்மா கை மாதிரி இருந்தது. முழுங்கிவிட்டேன்.

இப்படிக் காலையில் கப்பல் மாத்திரை, மத்தியானம் நாத்தனார் பவுடர், ராத்திரி ரோஜா மாத்திரை. வெவ்வேறு வீட்டு மருந்து, வெவ்வேறு நிறம், அதனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நாலு வீட்டுக் குழம்பைச் சாப்பிடுகிறவளுக்கு மூன்று வீட்டு மருந்து என்ன செய்துவிடும்? வலி குறையத்தான் செய்தது. மூன்று பேரும் தனித்தனியாக வந்து “எப்டி கீது?” என்று கேட்பார்கள். “உங்களுதுலதான் கேட்டுது” என்று மூன்று பேரிடமும் சொன்னேன். இதுதான் நான் செய்த பெரிய தப்பு.

பத்து நாள் போயிருக்கும். நெஞ்சும் வயிறும் எரிந்தன. ஒன்பதாம் மாதம் எரியத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் காது இரைய ஆரம்பித்தது. ஊ என்று ஒரே சத்தம்.

“இன்னாங்க, எந்தக் கப்பல் இப்டி நிக்காம சங்கு ஊதுது?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“சங்கா? இன்னிக்கி கப்பலே உள்ள வர்லம்மே.”

“எனக்குக் கேக்குதே.”

“உள்ள கீறவன் ஊதறான் போல. அவனும் துறைமுகத்துக்குத்தான் வேலைக்கு வருவான்!” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் காலை கரித்தூளால் பல் விளக்கித் துப்பினபோது எச்சில் சிவப்பாக இருந்தது. அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கும் நாள். இரண்டு தெரு தள்ளி ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. நாத்தனார்தான் கூட வந்தார். நர்ஸம்மா தெற்கே கடற்கரை ஊர்க்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயசுதான் மூத்தவராக இருப்பார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார்.

“மருந்து, மாத்திரை ஏதாவது சாப்பிடுதியா?”

நான் வாய் திறப்பதற்குள் நாத்தனார், “அதெல்லாம் ஒண்ணும் துன்றதில்லம்மா. மருந்துன்னா ஓடிப்புடுவா” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பாட்டிலில் சிவப்பாக ஆஸ்பத்திரியில் ஊற்றிக் கொடுப்பதுதான் அவருக்கு மருந்து. பெட்டிக்கடையில் புகையிலைக்குப் பக்கத்தில் தொங்குவது மருந்தில் சேராது.

நர்ஸம்மா என் வாயைத் திறக்கச் சொன்னார். ஈறைப் பார்த்தார், கையில் ஒரு கன்றிப்போன இடத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“இது என்ன? வீட்டுக்காரர் அடிச்சாரா?”

“யாரு, என் தம்பியா?” என்று நாத்தனார் எழுந்துவிட்டார். “எலி குறுக்க வந்தாகூட வழி வுட்டு நிப்பாம்மா அவன்! இவ சொல்லட்டும், அவன் கை நீட்டினான்னு!”

பெஞ்சில் இருந்த அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னால் மூன்று பேரையும் காட்டிக்கொடுத்ததாக ஆகும். சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் பேர் கெடும். உள்ளே பிள்ளை வேறு புரண்டு உதைத்தது. அழுகைதான் வந்தது.

நர்ஸம்மா ஒரு பழைய சீட்டைத் திருப்பி மேசைமேல் வைத்துப் பென்சிலை என் கையில் கொடுத்தார். “வாய் வரலைன்னா எழுது. எழுதத் தெரியுமா?”

தெரியும் என்று தலையாட்டினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அன்றுதான் எழுதினேன். இப்படி எழுதினதாக ஞாபகம்: ‘கப்பல் மாத்தரை காலை 2. அண்ணி பவுடர் மதியம் 1. அக்கா மாத்தரை ராத்திரி 2. பத்து நாளா. காதுல சங்கு ஊதுது. யாரும் அடிக்கல.’

படித்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனார்.

“இன்னாம்மே எழுதினே? என்னப் பத்தியா? படிக்கத் தெரியாதவ பக்கத்துல குந்திகினு எழுதறியே, நாயமா?” என்று நாத்தனார் என் தொடையில் கிள்ளினார்.

நர்ஸம்மா திரும்பி வந்து, “வீட்டில இருக்கிற எல்லா மாத்திரையும் இப்பவே கொண்டு வாங்க” என்றார். நாத்தனார் போனார். கொஞ்ச நேரத்தில் மீன் கூடையிலேயே டப்பியும் பவுடர் பொட்டலங்களும் ரோஜா மாத்திரைத் தாளுமாக வந்தார். கூடவே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பாய் வீட்டு அக்காவும் வந்தார். வரும்போதே இரண்டு பேருக்கும் தகராறு.

“உங்க பவுடராலதான் இந்தப் புள்ளைக்கு இப்டி ஆச்சு. எங்குளுது கடை மருந்து.”

“ஆமா, ஓன் தம்பி பெரிய டாக்டரு! பொட்டலம் கட்றவந்தானே?”

“உங்க தம்பி கொண்டாந்தது மட்டும்? கப்பல்ல எலிக்கு வெச்சதோ என்னவோ!”

நர்ஸம்மா மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். டப்பி மூடியைப் படித்தார், பவுடர் தாளில் பொடி எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார், ரோஜா மாத்திரை சுற்றியிருந்த தாளையும் படித்தார்.

“சண்டை போடாதீங்க. மூணும் ஒரே மருந்து. ஆஸ்பிரின்.”

“அதெப்டிம்மா?” என்றார் நாத்தனார். “ஒண்ணு வெள்ள, ஒண்ணு செவப்பு, ஒண்ணு மாவாட்டம் கீது!”

“சங்கரா மீனைக் குழம்பு வச்சா என்ன மீன்?”

“சங்கரா.”

“வறுத்தா? கருவாடு போட்டா?”

“சங்கராதான்... அடக் கடவுளே!” நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மீன் விற்கிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாய் வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அளவு மீறினதால்தான் காதில் சங்கு ஊதுகிறது என்று நர்ஸம்மா சொன்னார். அதைவிடப் பெரிய விஷயம் வேறு. இந்த மருந்து ரத்தத்தை உறையவிடாது. கடைசி மாதங்களில் சாப்பிட்டால் பிரசவத்தின்போது ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம், பிள்ளைக்கும் ஆகாது. “இன்னியோட நிறுத்து. மருந்து உடம்பை விட்டுப் போக நாள் ஆகும். ஒரு வாரம் பத்து நாள் கழிஞ்சு பிறந்தா நமக்கு நிம்மதி. அதுக்கு முன்ன வலி வந்தா ஒரு நிமிஷம்கூட வீட்டில வச்சிருக்காதீங்க” என்றார். என் ஆஸ்பத்திரிச் சீட்டில் இதைச் சிவப்பு மையால் பெரிதாக எழுதினார்.

இடுப்பு வலிக்கு என்ன செய்வது என்று பாய் வீட்டு அக்காதான் கேட்டார். குடம் தூக்கக் கூடாது, இடது பக்கம் சாய்ந்து முழங்காலுக்கு நடுவில் தலையணை வைத்துப் படுக்க வேண்டும், இதமான சூட்டில் இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கலாம் என்றார் நர்ஸம்மா. “அதுக்கும் தாங்கலைன்னா இங்க வா. டாக்டரம்மா பாத்து எது தரணுமோ தருவாங்க. இங்க கேக்காம ஒரு பொடிகூட வாயில போடக் கூடாது. யார் கொடுத்தாலும். புரியுதா?” யார் கொடுத்தாலும் என்கிறபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, நாத்தனாரைப் பார்த்தார்.

அன்றிலிருந்து எங்கள் லைனில் ஒரே வேலை, பிள்ளையைப் பிறக்காமல் பார்த்துக்கொள்வது. வீட்டுக்காரர் குழாயடிச் சுவரில் கரித்துண்டால் நாளுக்கு ஒரு கோடு போட்டார். நாத்தனார் தினமும் காலையில் மீனுக்குப் போகுமுன் என் வயிற்றுக்கு எதிரே குந்தி, “தோ பாரு, ஜல்தி பண்ணாதே. வெளியே ஒரே வெயிலு, கலீஜி. உள்ளயே குந்திகினு இரு. நல்ல புள்ள இல்ல?” என்று பேசிவிட்டுப் போவார். என் குடத்தையும் அவரே தூக்கினார். கிண்ண வழக்கமும் நிற்கவில்லை. இப்போது கிண்ணத்தில் சூடான உப்பு மூட்டை வந்தது. மூன்று வீட்டு மூட்டை! ஆனால் முதல் மூட்டை சூட்டோடு இருக்கும்போதே அடுத்தது வந்தால், நானே, “அக்கா, இப்ப வேணாம், அப்பால வெச்சிக்கிறேன்” என்றேன். வேணாம் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் அக்கா கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு சிரித்துவிட்டு, “சரி புள்ள” என்று போனார். அவர் மனசு நோகவில்லை. வயிற்றுப் பிள்ளையும் சும்மா இருந்தது. காதில் சங்கு இரண்டு மூன்று நாளில் நின்றது.

ஐந்தாவது கோடு போட்ட அன்று மத்தியானம் வயிறு இறுகியது. விட்டு விட்டு வலித்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சோதனை உண்டு. சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். சூட்டு வலியானால் அடங்கும், பிள்ளை வலியானால் கூடும். பாய் வீட்டு அக்கா சீரகத்தை வறுத்தே விட்டார். நாத்தனார் குறுக்கே நின்றார்.

“நில்லு! கேக்காம ஒரு பொடிகூட வாயில போடக் கூடாதுன்னாங்க.”

“இது சீரகம்ங்க!”

“பவுடர் குடுத்தப்பவும் நான் அப்டித்தான் நெனச்சேன். ஏ பொண்ணே, எழுந்திரு, நட!”

ஒரு பக்கம் நாத்தனார், ஒரு பக்கம் அக்கா, நடுவில் நான். நடந்து நடந்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது வலி அடங்கிவிட்டது. நர்ஸம்மா பார்த்துவிட்டு, “இன்னும் நேரம் இருக்கு” என்றார். நாத்தனார் முந்தானையிலிருந்து சீரகத்தை அவிழ்த்துக் காட்டி, “இத்த குடுக்கலாமாம்மா? இதுலயும் அந்த ஆஸ்பிரினு கீதா?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் நர்ஸம்மா வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். “ஒரு தம்ளர் சீரகத் தண்ணிக்கு நான் பொறுப்பு” என்றார்.

பதினோராவது கோடு போட்டுவிட்டு வீட்டுக்காரர் வேலைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் வலி பிடித்தது. இந்த வலி ஆஸ்பத்திரி வாசலில் அடங்கவில்லை. சிவப்பு மைச் சீட்டைப் பார்த்ததும் டாக்டரம்மாவே வந்து நின்றார். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் பெண் பிறந்தாள். ரத்தம் எல்லாருக்கும்போலத்தான் இருந்தது, நின்றுவிட்டது என்று நர்ஸம்மா சொன்னபோது, வெளியே நாத்தனார் போட்ட சத்தத்தில் இன்னொருத்திக்கும் வலி கண்டுவிட்டது என்று பிற்பாடு கேலி செய்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மற்ற ஏழு வீட்டுக் கிண்ணமும் வரிசையாக வந்தது. நாத்தனார் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு மூடியையும் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார். அதன் பிறகு லைனில் யார் முழுகாமல் இருந்தாலும் அவர் முதலில் கேட்பது, “இன்னா மாத்திரம்மே துன்னே? யாரு குடுத்தது? கொண்டா பாப்போம்” என்பதுதான். எழுத்துத் தெரியாது. வாங்கி என்னிடம் கொடுப்பார். தமிழ் என்றால் நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் என்றால் கூடையில் போட்டு நர்ஸம்மாவிடம் கொண்டுபோவார். எனக்கு அடுத்த இரண்டு பிரசவத்திலும் இடுப்பு வலித்தது. நேரே போய்க் கேட்டுக்கொண்டேன். அதற்குள் வாயும் கொஞ்சம் வந்திருந்தது.

இவ்வளவுதான் நடந்தது. நாள் கணக்கு பதினொன்றா பத்தா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. என் மகளைக் கேட்கலாமென்றால் அவள் அப்போது உள்ளேதானே இருந்தாள், அவளுக்கு என்ன தெரியும்? நர்ஸம்மா சொன்ன மருந்து விஷயத்தையும் நான் புரிந்துகொண்ட அளவில்தான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு மாத்திரைகளின் பேரெல்லாம் மாறிவிட்டது. ஆகையால் இதைப் படிக்கிறவர்களில் டாக்டரோ நர்ஸோ இருந்தால் தயவுசெய்து ஒரு தடவை சரிபார்த்துத் தப்பிருந்தால் அடித்துத் திருத்துங்கள். அதற்கு முன்னால் எந்தப் பிள்ளைத்தாச்சியும் நான் எழுதினதை வைத்து ஒன்றும் செய்ய வேண்டாம். கேட்காமல் எடுத்துக்கொண்டால் இதுவும் நாலாவது வீட்டு மாத்திரைதான்.